இரண்டு வேலைக்கு நீ ஒருத்தி

இன்று காலை, தோட்டத்தில் பக்கத்து லயத்து வீட்டுச் செல்வியக்கா தன் மகளின் சீருடைத் துணியைக் கொண்டுவந்து தந்தார். பொட்டலத்தைப் பிரித்ததும் புதுத் துணியின் கஞ்சி மணம் முகத்தில் அடித்தது. கொழும்பில், புறக்கோட்டைத் துணிக்கடையில், பதினான்கு வருடம் அந்த மணத்துக்குள்தான் மூட்டை தூக்கினேன். அங்கே அது ஒரு நாளும் எனக்கு உறைத்ததில்லை. நம் வீட்டில் அது, எப்போதும் தைத்துக்கொண்டிருந்த உன் மணம். துணியை மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். நீ உயர்தரம் வரை படித்தவள், நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை கண்டுபிடிப்பாய் என்ற கூச்சம் நீ இல்லாதபோதும் போகவில்லை.

அந்த மழை நாளில்தான் எல்லாம் தொடங்கியது. நம் பெரியவள் ஷாலினிக்கு அப்போது பதினொரு வயது, சின்னவள் டிலானிக்கு எட்டு. பள்ளிக்கூடம் விட்டு இருவரும் தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் வரும்போது பெரியவளுக்கு வலிப்பு வந்தது. வகுப்பில் ஏற்கெனவே இரண்டு தடவை வந்திருந்தது. வழியில் வந்தது அதுதான் முதல் தடவை. சின்னவள் தன் புத்தகப் பையை அக்காவின் தலைக்குக் கீழே வைத்து, குடையை அவள் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு, தனியாக உட்கார்ந்திருந்தாளாம். கொழுந்து நிறுக்கப் போன பெண்கள் கண்டு தூக்கி வந்தார்கள். மறுநாளிலிருந்து சின்னவள் அந்தப் பாதையில் கால் வைக்க மறுத்தாள். பெரியவளை, வலிப்பு கட்டுக்குள் வரும்வரை வீட்டில் வைத்திருக்கச் சொல்லிவிட்டார்கள் பள்ளிக்கூடத்தில்.

நீ இருவரையும் வீட்டிலேயே வைத்துக்கொண்டாய். நான் கொழும்பிலிருந்து போனில் கத்தினேன்.

“புள்ளைங்க படிப்ப நிறுத்திட்டு லயத்துல உக்கார வச்சிருக்கியா? என்னைய மாதிரி மூட்டை தூக்கவா?”

நீ குரலை உயர்த்தவில்லை. “படிப்ப நிறுத்தலங்க. பள்ளிக்கூடத்தத்தான் நிறுத்தியிருக்கேன். நானே சொல்லித் தர்றேன்.”

“அப்ப தையல்?”

“அதுவும் நடக்கும்.”

தீபாவளி லீவுக்கு வந்தபோது அது நடப்பதைப் பார்த்தேன். வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் மெஷினைப் போட்டிருந்தாய். ஒரு பக்கம் பெரியவள், மறுபக்கம் சின்னவள். காலால் மிதித்துக்கொண்டே சொல்வதெழுதுதல் சொல்வாய். யாராவது தப்பாக வாசித்தால் பேசமாட்டாய், மிதிப்பதை மட்டும் நிறுத்துவாய். சத்தம் நின்றதும் அவர்களே திரும்ப வாசிப்பார்கள். கீழே கிராமத்திலிருந்து ஜாக்கெட் தைக்க வரும் சிங்களப் பெண் ஒருவர், அளவு கொடுத்த கையோடு பிள்ளைகளைச் சிங்களப் பாடம் வாசிக்கச் சொல்லி, சிரித்துச் சிரித்துத் திருத்துவார்.

ஒரு நாள் சின்னவள், நீ துணியில் குறி போடும் நீலச் சாக்கட்டியை எடுத்து, யாருடையதோ ஒரு வெள்ளைத் துணியில் ஏழாம் வாய்பாட்டை எழுதிவிட்டாள். நான் கை ஓங்கினேன். நீ துணியை வாங்கிப் பார்த்தாய்.

“ஏழெட்டு ஐம்பத்தாறு. சரியாத்தான் எழுதியிருக்கா,” என்றாய். அந்த இடத்தையே சட்டைப் பையின் உட்பக்கத்துக்கு வெட்டினாய். “தொவைச்சா போயிடும். போற வரைக்கும் இருக்கட்டும்.”

ஊரார் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக நீ தைத்தாய். உன் பிள்ளைகள் வீட்டுச் சட்டையோடு உன் காலடியில் உட்கார்ந்திருந்தார்கள். அது உனக்குள் எப்படி இருந்தது என்று நான் கேட்டதே இல்லை.

பள்ளிக்கூடம் தொடங்கும் மாதம் வந்தது. சீருடைத் துணி வீட்டில் குவிந்தது. வாசலில் எப்போதும் யாராவது நின்றார்கள். ஒரு வாரம் பாடமே நடக்கவில்லை என்று நீ போனில் சொன்னாய். உன் குரல் உன் குரலாக இல்லை.

“தைக்கிறப்ப புள்ளைங்கள ஏமாத்துற மாதிரி இருக்கு. புள்ளைங்ககிட்ட உக்காந்தா துணி குடுத்தவங்கள ஏமாத்துற மாதிரி இருக்கு. ரெண்டுலயும் பாதிப் பாதிதான் இருக்கேங்க.”

“ரெண்டுல ஒண்ண விட்டுடு,” என்றேன்.

நீ கேட்டாய். “நீங்க வந்துடுறீங்களா? தைக்க வேணாம். புள்ளைங்க பக்கத்துல உக்காந்தா போதும்.”

அடுத்த வருடம் பார்க்கலாம் என்றேன். முதலாளியால் தனியாகச் சமாளிக்க முடியாது, சீசன் நேரம் என்று என்னென்னவோ சொன்னேன். நீ “சரிங்க” என்றாய். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட நீ அதைக் கேட்கவில்லை.

சில மாதம் கழித்து இடது தோள் வலிக்கிறது என்றாய். மெஷினில் குனிந்தே இருந்தால் வலிக்கத்தான் செய்யும், தைலம் தேய் என்றேன். தேய்த்திருக்கிறாய். ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, பெரியவள் வரலாறு வாசித்துக்கொண்டிருந்தபோது மெஷின் சத்தம் நின்றிருக்கிறது. தப்பாக வாசித்துவிட்டோம் என்று நினைத்து, அதே வரியை அவள் இரண்டாம் தடவையும் வாசித்திருக்கிறாள். அப்போதும் சத்தம் தொடங்காததால் நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். தலவாக்கலை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் நீ போய்விட்டாய். இதயம் என்றார்கள். நான் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது உன்னை நடு அறையில் கிடத்தியிருந்தார்கள். பெரியவளுக்கு அன்று வலிப்பு வரவில்லை. அவள் அழவும் இல்லை. “நான் சரியாத்தாம்ப்பா வாசிச்சேன்,” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

காரியம் முடிந்ததும் சொந்தக்காரர்கள் பிள்ளைகளை விடுதியில் சேர்த்துவிட்டு என்னைக் கடைக்குத் திரும்பச் சொன்னார்கள். நான் போகவில்லை. இதற்காக என்னைப் பெரிய மனிதன் என்று நினைத்துவிடாதே. நீ கேட்டபோது வராதவன், நீ கேட்க முடியாமல் போன பிறகு வந்தேன், அவ்வளவுதான்.

நேர்த் தையல் பழகிக்கொண்டேன். தலையணை உறை, துணிப்பை, பாவாடை. வெட்டுவது பெரியவள். பாடம் சொல்லித்தர எனக்குத் தெரியாது. அதனால், “எனக்குப் புரியிற வரைக்கும் நீ சொல்லு,” என்று அவளிடம் கேட்கிறேன். எனக்குப் புரிய நேரமாகும். அதற்குள் அவளுக்கு நன்றாகப் புரிந்துவிடுகிறது. கிளினிக் மருந்தில் வலிப்பு குறைந்திருக்கிறது. சின்னவள் இந்த வருடம் தானாகவே பள்ளிக்கூடம் போகிறேன் என்றாள். முதல் வாரம் குறுக்குப் பாதை முடியும்வரை கூடப் போனேன். இப்போது செல்வியக்கா மகளோடு போகிறாள்.

இன்று மத்தியானம் செல்வியக்காவின் துணியைப் பெரியவள் வெட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

“அப்பா, அம்மா உங்கள வரச் சொன்னப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். நீங்க ஏன் வரல?”

முதலாளி, சீசன் எல்லாம் நாக்கு வரை வந்தன. அவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

“பயம்மா. எனக்கு மூட்டை தூக்க மட்டுந்தான் தெரியும். இங்க வந்தா உங்கம்மா முன்னால ஒண்ணுந் தெரியாதவனா உக்காந்திருக்கணுமேன்னு பயம்.”

அவள் கத்தரியைக் கையில் எடுத்தாள்.

“அத அம்மாகிட்டயே சொல்லியிருக்கலாம்ல. பயந்தவங்கள அம்மா திட்டவே மாட்டாங்களே.”

சொல்லிவிட்டு வெட்டத் தொடங்கினாள்.

திட்டியிருக்க மாட்டாய். எனக்கும் தெரியும். அது தெரிந்தும் உன்னிடம் சொல்லாமல் போனதுதான் இன்னும் இறக்கி வைக்க முடியாத மூட்டையாக இருக்கிறது.