பீங்கான் அடுப்பும் உங்கள் இடுக்கியும்

இஞ்சாருங்கோ, இன்று காலை உங்கள் பரல் அடுப்பில் நெருப்பு மூட்டினேன். தேங்காய்ச் சிரட்டை கனன்று, அறக்குளா மீனின் கொழுப்பு தணலில் சொட்டிய மணம் வந்ததும், பின்னால் நீங்கள் நிற்கிறீர்கள் என்று என் உடம்பு தானாக ஒதுங்கியது. நீங்கள் போய் இரண்டு கோயில் பெருநாள் கழிந்துவிட்டது. என் உடம்புக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

உயிரோடு இருந்தபோது உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. இதிலும் எழுதப் போவதில்லை. நம் மகன் நிக்சன் ஒரு அடுப்பு வாங்க வேண்டும் என்று நின்றான், நான் வேண்டாம் என்றுவிட்டேன். விலை அதிகம் என்று ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். உள்ள காரணத்தை உங்களிடம்தான் சொல்லலாம், ஏனென்றால் அதில் பாதி நீங்கள்.

நிக்சன் டோஹாவில் ஹோட்டல் குசினியில் வேலை செய்துவிட்டு வந்து, நம் வளவில் கடலைப் பார்த்து இரண்டு அறை கட்டினான் அல்லவா. சோளகக் காற்றுக் காலத்தில் பெரிய பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு கடலில் சறுக்குகிற வெள்ளைக்காரர் வந்து தங்குகிறார்கள். அவர்களுக்கு மீன் சுட்டுக் கொடுப்பது நானும் மருமகள் ஜெனிற்றாவும். வங்காலை ஊர்ப் பிள்ளை, உங்களுக்குத் தெரியும். நீங்கள் எண்ணெய்ப் பீப்பாயை வெட்டி, கால் வைத்து ஒட்டிய அந்த அரைப் பரலில்தான் எல்லாம்.

அவன் கேட்டது பீங்கானால் செய்த அடுப்பு. முட்டை வடிவம், கடும் பச்சை, மேலே கனத்த மூடி. வயிறு பெருத்த ஆள் ஒருவர் குந்தியிருப்பது போல இருக்கும். அந்த விலைக்கு உங்கள் படகுக்குப் புது எஞ்சின் ஒன்று பூட்டலாம். கொழும்பிலிருந்து முகவர் வான் வண்டியில் கொண்டு வந்து இறக்கி, "ஒரு கிழமை வச்சுச் சோதிச்சுப் பாருங்கோ அம்மா, பிடிச்சா வாங்குங்கோ" என்றார். படகு விற்ற காசு என் பெயரில் இருப்பதால் முடிவும் என்னுடையதாயிற்று. நம் வீட்டில் ஒரு முடிவு என்னிடம் வந்தது அதுதான் முதல் தடவை.

நான் அதைச் சும்மா தள்ளிவிடவில்லை. நியாயமாகத்தான் பார்த்தேன். பரலில் சுடும்போது காற்று நெருப்புப் பொறியை அள்ளி வேலியில் கொட்டுகிறது. இதற்கு மூடி இருப்பதால் அந்தப் பயம் இல்லை. உப்புக் காற்றில் பரல் அரித்துக்கொண்டே போகிறது, பீங்கானைத் துரு தொடாது. ஒரு கை அளவு கரியில் ஒரு முழுக் கோழி பஞ்சு போல வெந்து வந்தது. ஆனால் இங்கே வருகிறவர்கள் கோழிக்கா வருகிறார்கள்? மீன் ஒரு பாட்டுப் பாடி முடிக்கும் நேரத்தில் வெந்துவிடும். அதற்குப் பிறகு அரை நாள் சூட்டை வைத்துக்கொண்டிருக்கிற அடுப்பு எதற்கு? சிரட்டையும் அதற்கு ஆகாதாம், கரிக்கும் கொழும்புக்குப் போக வேண்டும். இப்படி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்த என் மனதை முடித்துவைத்தது ஒரே ஒரு பேச்சு.

ஜெனிற்றா ஈரத் துணியால் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிக்சன் படியில் இருந்து பார்த்துக்கொண்டே, சிரித்த முகத்தோடு சொன்னான். "கவனம். ஒரு கீறல் விழுந்தாலும் கொல்லுவன்."

ஜெனிற்றாவும் சிரித்தாள். சிரித்தபடியே துணியை நாலாக மடித்து, நகம் படாமல், விரல் நுனியால் துடைக்கத் தொடங்கினாள். உங்கள் எஞ்சினை நான் அப்படித்தான் துடைத்தேன். அதே வார்த்தையைத்தான் நீங்களும் சொன்னீர்கள், அதே சிரிப்போடு.

நம் வீட்டில் பீங்கான் ஏன் இல்லை என்று ஜெனிற்றா கலியாணம் செய்து வந்த புதிதில் கேட்டாள். சீதனத்தோடு என் தாய் தந்த ரோசாப்பூப் போட்ட தேத்தண்ணிக் கப்புகளை, முதல் மாரிக்குள்ளேயே ஒவ்வொன்றாகச் சுவரில் எறிந்து முடித்தீர்கள். ஒன்று தேத்தண்ணி ஆறியதற்கு. ஒன்று வலை அறுந்ததற்கு. மிச்சத்துக்குக் காரணம் எனக்கே ஞாபகமில்லை. அதற்குப் பிறகு நான் உடையக்கூடிய பொருள் எதையும் வாசற்படி ஏற்றவில்லை. எல்லாம் சில்வர், எல்லாம் பிளாஸ்டிக். பங்குச் சுவாமி வீடு மந்திரிக்க வந்து, சுடச்சுடத் தேத்தண்ணியைச் சில்வர் தம்ளரில் பிடிக்க முடியாமல் கை மாற்றிக்கொண்டிருந்தார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ சுவாமி, எங்கட வீட்டில பீங்கானுக்கு ஆயுசு குறைவு" என்றேன். நீங்கள்தான் எல்லாரையும் விடப் பெரிதாகச் சிரித்தீர்கள்.

என் மணிக்கட்டைத் திருகி முறித்த நாளில் மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதும் நீங்கள்தான். கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்று சொன்னேன். கட்டுப் போட்ட நர்ஸ் முகத்தை நிமிர்த்தாமல், "இந்த ஊரில பொம்பிளையள் எல்லாரும் கிணத்தடியிலதான் விழுறியள்" என்றாள். நீங்கள் வெளியே போய் எனக்கு ஒரு சோடா வாங்கி வந்தீர்கள். அந்தச் சோடாவின் குளிரை நினைத்தால் இப்போதும் எனக்கு அழுகை வரும். அழுவது அன்பிலா ஆத்திரத்திலா என்று நான் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஒரு பெருநாள் அன்று நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். நீங்கள் மீன் சுட்டால் சுற்றி வரக் கூட்டம் நிற்கும். தோல் கருகாமல், முள்ளோடு ஒட்டாமல், எப்போது திருப்ப வேண்டும் என்று பார்த்துக்கொண்டு அந்த நீள இடுக்கியோடு நிற்கிற பொறுமையைப் பார்த்து, இந்த மனிதனா அந்த மனிதன் என்று எனக்கே சந்தேகம் வரும். அன்று என் தம்பி, படகுக் கடனை எப்போது கட்டப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டான். கேட்டது அவன். நீங்கள் பரலை உதைத்தது என் பக்கமாக. தணல் முழுக்க என் காலில் கொட்டியது. விழுந்த என்னைத் தலைமயிரில் பிடித்து விறாந்தைக்கு இழுத்து வந்து அடித்தீர்கள். அடிக்கும்போது சுவரோரம் ஸ்டூலில் இருந்த மாதாவின் சிலை, அந்தச் சுருவம், ஆடியது. நீங்கள் ஒரு கையால் சுருவத்தைப் பிடித்து நேராக வைத்துவிட்டு, மற்றக் கையால் தொடர்ந்து அடித்தீர்கள்.

அடுத்த நாள், "கோவத்தில கண் தெரியேல்லை" என்றீர்கள். நான் தலையாட்டினேன். ஆனால் அந்தச் சுருவத்தை நான் மறக்கவில்லை. கண் தெரியாதவருக்கு அது எப்படித் தெரிந்தது? உங்கள் கோபம் ஒரு நாளும் எஞ்சினைத் தொடவில்லை, அரசாங்கக் கந்தோரில் உங்களை வெயிலில் காக்க வைத்த துரையைத் தொடவில்லை, என் தம்பியைக்கூடத் தொடவில்லை. அதற்கு விலை தெரியும், ஆள் தெரியும். பதினைந்து வயதில் நிக்சன் நடுவில் வந்து நின்று, "அம்மாவில கை வைக்காதேங்கோ" என்று சொல்லி வாயில் இரத்தம் வாங்கினான். அந்தப் பிள்ளைதான் இப்போது படியில் இருந்து கீறலைப் பற்றிச் சிரிக்கிறான்.

சோதித்துப் பார்க்கச் சொல்லித்தானே முகவர் விட்டுப் போனார். நானும் சோதித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, விருந்தாளி யாரும் இல்லாத நேரம். அடுப்புக்குள்ளே சூட்டைத் தடுக்க வைக்கிற தட்டையான பீங்கான் ஒன்று உண்டு, தனியாகவும் வாங்கலாமாம். நிக்சன் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதை வெளியே எடுத்து, இடுப்பளவு தூக்கி, சீமெந்துத் தரையில் போட்டேன். கை தவறவில்லை. அது கை தவறியது போலவும் இல்லை. துண்டுகள் கதிரைக் கால் வரை சிதறின.

உடைத்தவள் நான். ஜெனிற்றா அந்தப் பக்கம் மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். நிக்சன் என்னைத் தாண்டிப் போனான். என் தோள் அவன் தோளில் உரசியது, அவ்வளவு கிட்ட. போய் அவள் கன்னத்தில் அறைந்தான். "கிட்ட நிண்டு என்னடி பார்த்துக்கொண்டு நிண்டனி?" இரண்டாவது அடிக்கு அவன் கை உயர்ந்தபோது அது அவன் கை இல்லை, உங்கள் கை. விரல் விரித்த விதம்கூட உங்களுடையது.

பரலில் உங்கள் இடுக்கி இருந்தது. எடுத்து அந்த மணிக்கட்டில் என் பலம் எல்லாம் சேர்த்து அடித்தேன். எலும்பில் இரும்பு பட்ட சத்தம் கேட்டது. அவன் குனிந்தான், தோளில் இன்னொன்று கொடுத்தேன். அது உங்களுக்கு. நீங்கள் இருந்தபோது கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தக் கணத்தில் எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது, மறைத்து என்ன.

கையைப் பிடித்துக்கொண்டு தரையில் குந்தியிருந்து நிக்சன் சொன்னான். "அம்மா, கோவத்தில கண் தெரியேல்லை."

"கண் வடிவாத் தெரிஞ்சது, தம்பி. உடைச்சது நான் எண்டும் தெரிஞ்சது. எனக்கு அடிச்சா காசு வராது எண்டும் தெரிஞ்சது. அதுதான் என்னைச் சுத்திக்கொண்டு போனனி."

ஜெனிற்றா கன்னத்தில் உப்புக் கையை வைத்தபடி, "மாமி, நான் வீட்ட போறன்" என்றாள். "ஓம் பிள்ளை, நானும் வாறன்" என்றேன். இரண்டு பேருமாக பஸ் ஏறி, பாலம் தாண்டி வங்காலையில் அவள் தாய் வீட்டுக்குப் போனோம். முதல் அடியை நான் தடுக்கவில்லை, என் சோதனைக்கு அவள் கன்னம் செலவானது என்று அவளிடம் சொன்னேன். அவள் யன்னலைப் பார்த்துக்கொண்டே, "நீங்கள் உடைக்காட்டி ஒரு நாளைக்கு நான் உடைச்சிருப்பன், மாமி. அப்ப தடுக்க ஆர் இருந்திருப்பினம்?" என்றாள்.

அவளை அங்கே விட்டுவிட்டு நான் மட்டும் திரும்பிய பிறகு, முகவர் வந்து அடுப்பை ஏற்றிக்கொண்டு போனார். உடைந்த தட்டுக்குக் காசைக் கொடுத்தேன். நல்ல பொருள்தான், குறை சொல்ல மாட்டேன். நம் வீடுதான் அதற்குச் சரியில்லை.

இப்போது விருந்தாளிகளுக்கு நிக்சன் வீங்கிய கையோடு தானே பரலில் மீன் சுடுகிறான். "அம்மா, அவள் வருவாளே?" என்று கேட்கிறான். "அது அவளின்ர விருப்பம். நான் கூப்பிட மாட்டன்" என்கிறேன். மன்னார்க் கடைத்தெருவில் ஆறு பீங்கான் கப் வாங்கி வந்து, வேண்டுமென்றே மேசை விளிம்பில் அடுக்கி வைத்திருக்கிறேன். போகிறவர் வருகிறவர் கை படட்டும்.

நேற்று அவன் முழங்கை பட்டு ஒன்று விழுந்து உடைந்தது. அவன் அசையாமல் நின்றான். முதலில் துண்டுகளைப் பார்த்தான், பிறகு என் கையைப் பார்த்தான், பிறகு குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். எனக்கு நெஞ்சு இளகியது. ஜெனிற்றாவுக்கு போன் எடுத்துச் சொல்லலாம் என்று எழும்பியும் விட்டேன். பிறகு உட்கார்ந்தேன். ஒரு கப்பை நம்பி ஒரு பெண்ணைத் திருப்பிக் கூப்பிட முடியாது.

இன்னும் ஐந்து இருக்கிறது. உங்கள் இடுக்கி என் கையில் இருக்கிறது.