கருகல் வாசனை

மார்ச் 4
இன்றும் கருகல் வாசனை. கடையில் இருந்த துணியையெல்லாம் உதறிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் கருகவில்லை. இஸ்திரிப் பெட்டியில்தான் கோளாறு என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். “பெட்டி நல்லாத்தான் இருக்குண்ணே. உங்க மூக்கைக் கழட்டிக் குடுங்க, பாக்கறேன்” என்கிறான். கொழுப்பு.

மார்ச் 11
வாத்தியார் சட்டையின் முதுகில் பெட்டியின் அச்சு, அப்பட்டமாக. காலரைத் தேய்த்தது நினைவிருக்கிறது. வாசனை வந்தது. அப்புறம் புகை, மனைவியின் கூச்சல். நடுவில்? நடுவில் ஒன்றுமே இல்லை.
“கூப்பிடக் கூப்பிட வெறும் வாயை மென்னுகிட்டு, பட்டனை நோண்டிகிட்டு நின்னீங்க” என்கிறாள். நானா? கண், காது, மூக்கு வைத்துச் சொல்கிறாள்.

மார்ச் 12
சண்டை. டாக்டரிடம் போயே ஆக வேண்டுமாம்.

மார்ச் 20
வலிப்பாம். எனக்கு!
கீழே விழுந்து, நுரை தள்ளி, கை கால் இழுத்தால்தானே வலிப்பு? டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: “அது மூளை முழுக்கப் பரவறப்ப வர்றது. உங்களுக்கு ஒரு பக்கத்துல மட்டும் மின்சாரம் தாறுமாறா ஓடுது. அந்த வாசனையே வலிப்போட ஆரம்பந்தான்.”
சின்ன வயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்ததா என்று கேட்டார். வந்தது, அம்மா சொல்லியிருக்கிறாள். ஸ்கேனில் தழும்பு தெரிகிறது, அதனால் இருக்கலாமாம். சிலருக்குத் தலையில் பட்ட அடி, சிலருக்குக் கட்டி, பலருக்குக் காரணமே தெரியாதாம்.
மாத்திரையை விடக் கூடாது. சூடான பெட்டியைத் தொடக் கூடாது. பெட்டியைத் தொடாத இஸ்திரிக்காரன்! அப்ப நான் யாரு?

ஏப்ரல் 2
மனைவி தேய்க்கிறாள், நான் மடிக்கிறேன். மாத்திரையால் தூக்கம் தூக்கமாக வருகிறது. அவள் கோணலாகத் தேய்ப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஏப்ரல் 9
மறுபடி வந்திருக்கிறது. அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். என் உடம்புல நடக்கறது ஊருக்கே தெரியுது, எனக்கு மட்டும் தெரியல. என்ன பொழப்புடா இது! அழுதேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான். டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்.

மே 6
மத்தியானம் அந்த வாசனை. ஒரு வேளை மாத்திரைகூட விடவில்லையே! அப்படியே தரையில் உட்கார்ந்தேன். “ஏய்... வருது, வாசனை வருது.”
வாசலில் பால்காரரோடு பேசிக்கொண்டிருந்தவள் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். நினைவு போகப்போகிறது என்று காத்திருந்தேன். போகவில்லை. அவள் மூக்கை உறிஞ்சினாள்.
“ஏங்க... எனக்கும் வருதுங்க!”
பேச்சு சுவாரசியத்தில் பெட்டியைத் துணிமேலேயே விட்டுப் போயிருக்கிறாள். வாத்தியாரின் இன்னொரு சட்டை. நாங்கள் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.
நாளைக்கு வாத்தியார் வருவார். ஆசை தீரத் திட்டட்டும்.