புளி போட்டுத் தேய்த்த கல்

என் கல்லுப் பைத்தியம் அக்காவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, எதிர்வீடு கட்டக் கொட்டியிருந்த கருங்கல் குவியலைக் கிளறி, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கல்லை எடுத்து வந்தேன். எதற்கென்று பிறகு சொல்கிறேன். முதலில் என் கோபத்தைக் கேள்.

உன்னைக் கட்டிய மாமாவுக்கு வைகாசியில் மறுமணம். அதில் எனக்கு வருத்தமில்லை. அதற்கு முன்னால், சுமங்கலியாய்ப் போன உன்னைப் பூவாடைக்காரி என்று வீட்டுச் சாமியாக வைத்து, நாளை வெள்ளிக்கிழமை புடவை படைத்து உத்தரவு கேட்கப்போகிறார்கள். உயிரோடு இருந்தபோது எதற்காவது உன்னைக் கேட்டார்களா அக்கா? ஜியாலஜி படித்த உனக்கு வேலை வந்தபோது, "கல்லு பொறுக்கவா கட்டிக்கினு வந்தோம்?" என்று சிரித்தவர்கள்தானே?

போன வாரம் திண்டிவனத்தில் உன் வீட்டுக்குப் போனேன். உன் கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டில் அந்த இரும்புக் கல்லைக் காணோம். கல்லூரிச் சுற்றுலாவில், சுரங்கத்து ஓரம் நீ பொறுக்கியது. மழை ரோட்டில் பெட்ரோல் சிந்தினாற்போல் நீலமும் ஊதாவும் பொன்னும் ஓடுமே, அதுதான். "உள்ள வெறும் இரும்புதாண்டி, கலரெல்லாம் மேல்தோல்லதான். கை வெச்சே, கொன்னுடுவேன்" என்பாய்.

பூஜை மாடத்தில் இருந்தது. கன்னங்கரேலென்று, மஞ்சள் குங்குமத்தோடு.

"ஒரே கறையா இருந்துச்சும்மா. புளி போட்டு நார்ல தேச்சேன். இப்ப பாரு, சாமி கல்லு மாட்டம் இருக்குது" என்றார் உன் மாமியார், பெருமையாக.

கத்திவிட்டேன். மாமா ஓடி வந்தார். "ஏம்மா பேஜாரு பண்ணிக்கினு இருக்கே? அவ ஆசப்பட்ட கல்லு. அதுலயே வந்து குந்தட்டும்னுதான் வெச்சோம்."

ஆசைப்பட்டாளாம்! எதற்கு ஆசைப்பட்டாய் என்று ஒருநாளாவது பக்கத்தில் நின்று பார்த்தாரா? நிறம் போனதே அவருக்குத் தெரியவில்லை.

கல்லைத் திருப்பினேன். அடியில், நார் நுழையாத ஒரு குழியில், நகக்கண் அளவு நீலம் மிச்சமிருக்கிறது. நாளை படையலுக்கு முன் மறுபடியும் தேய்ப்பார்கள்.

புடவை பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டுமாம். கொண்டு போகிறேன். அதன் மடிப்புக்குள் காலையில் எடுத்த இந்தத் தெருக்கல் இருக்கும். முதல் ஆளாகப் போய் இதை மாடத்தில் வைத்துவிட்டு, உன் கல்லோடு விழுப்புரம் பஸ் ஏறிவிடுவேன். என் வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லவில்லை. அவர்கள் தெருக்கல்லிடம் உத்தரவு கேட்கட்டும். தேய்க்கிற வரை தேய்க்கட்டும்.

அந்த நீலத்தில் இனி ஒருத்தர் விரலும் படாது. என் விரலும்தான்.

இப்போதாவது சொன்ன பேச்சைக் கேட்கும்
உன் தங்கச்சி