யாருடைய நாக்கு இது?

ஷாவ்ஷிங்,
1995 டிசம்பர் 3

அன்புத் தம்பி செங்ஹாய்க்கு,

அக்கா யூபிங் எழுதுகிறேன். நலமாக இருப்பதாகப் போன மாதம் எழுதியிருந்தாய். பாதி நம்புகிறேன். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் வந்து நாடி பார்க்கக் கையை நீட்டிவிட்டுப் போவாய். இந்த வருஷம் வேலை, வேலை என்று ஒரே பாட்டு. நீ நாலு நாள் இல்லாவிட்டால் ஹார்பின் ஊரின் கொதிகலன்கள் எல்லாம் விறைத்துப்போகுமோ?

மருந்துக் கடையில் லேகியம் காய்ச்சும் காலம் தொடங்கிவிட்டது. டிசம்பர் கடைசியில் நெடிய இரவு நாளன்று முதல் கரண்டி, பிப்ரவரியில் வசந்தத் தொடக்கத்தன்று கடைசிக் கரண்டி. அந்த ஆறு வாரம் சாப்பிட்டால்தான் வருஷம் முழுக்க உடம்பு தாங்கும். நாடி பார்க்காமல் நான் யாருக்கும் காய்ச்சுவதில்லை. போன வாரம் ஓர் அதிகாரி ஆள் அனுப்பிக் கேட்டார். "முதல்ல கை வரட்டும், அப்புறம் ஜாடி வரும்"னு சொல்லித் திருப்பிவிட்டேன். உன் நாடி மட்டும் எனக்கு மனப்பாடம். ஆகவே நாக்கு, தூக்கம், பசி, கால் எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுது.

லேகியத்துக்கான கழுதைத்தோல் பசையை அரிசி மதுவில் ஊறப் போட்டுவிட்டேன். அது காத்திருக்காது.

உன் அக்கா,
யூபிங்


ஹார்பின்,
1995 டிசம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

கோபிக்காதே. இந்த வருஷம் நிஜமாகவே வர முடியவில்லை.

நீ கேட்டது: நாக்கு வெளிறி, ஈரமாக, ஓரத்தில் பல் பதிந்த தடத்தோடு இருக்கிறது. முழங்கால் வரை சில்லிட்டிருக்கிறது, அடியில் நெருப்பு எரியும் அடுப்புப் படுக்கையில் கிடந்தாலும் சூடு ஏறுவதில்லை. விடிவதற்குள் மூன்று முறை எழவேண்டியிருக்கிறது. காதில் இரைச்சல். இடுப்பு விட்டுப்போகிறது. அரைக்கிண்ணக் கஞ்சிக்கு மேல் இறங்கவில்லை.

முடிந்தால் கொஞ்சம் சீக்கிரம் அனுப்பு.

தம்பி,
செங்ஹாய்


ஷாவ்ஷிங்,
1995 டிசம்பர் 19

செங்ஹாய்,

யாருடைய நாக்கு இது?

உன் நாக்கு நுனியில் மிளகாய் மாதிரி சிவந்திருக்கும். நடுக்குளிரிலும் போர்வையை உதைத்துத் தள்ளுகிறவன் நீ. நாற்பத்தொரு வயது ஆண் எழுதிய கடிதத்தில் அறுபது தாண்டிய பெண்ணின் உடம்பு இருக்கிறது, நிறைய பட்டினி பார்த்த உடம்பு. உன் மாமியார் இறந்து நாலு வருஷமாகிறது. பக்கத்து வீட்டுக்காரி என்றால் நேராகக் கேட்டிருப்பாய்.

உன் கடிதம் என்னை வேலை செய்யவிடவில்லை. நேற்று ஒருவருக்கு இலவங்கப்பட்டை எடுக்கப்போய் வேறு இழுப்பறையைத் திறந்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் செய்யாத தப்பு.

ஒரு பெயர் மனதில் வருகிறது. அதை நான் எழுதமாட்டேன். நீ எழுது.

யூபிங்


ஹார்பின்,
1995 டிசம்பர் 28

அக்கா,

உன்னிடம் மறைக்கப் பார்த்தேன் பார், என்னைச் சொல்லவேண்டும்.

அம்மாதான்.

செப்டம்பரில் ஆலை வாசலில் வந்து நின்றாள். முப்பத்தைந்து வருஷம் கழித்து. இங்கே அவள் சேர்ந்து வாழ்ந்த ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை குட்டி இல்லை. சமையலறைக்குப் பின்னாலிருக்கும் அறையில் படுத்திருக்கிறாள். எதுவும் கேட்பதில்லை. தபால்காரர் மணி அடித்தால் மட்டும், "அவ எழுதினாளா?" என்பாள்.

அவளை வீட்டில் வைத்துக்கொண்டு ஊருக்கு வந்து உன் முன்னால் நிற்க எனக்கு முகமில்லை. அவளைப் பற்றிச் சொன்னால் மருந்து தரமாட்டாய் என்று பயந்தேன். இப்போது கேட்கிறேன். அவளுக்குக் காய்ச்சுவாயா?

செங்ஹாய்


ஷாவ்ஷிங்,
1996 ஜனவரி 6

தம்பி,

மாட்டேன்.

உனக்கு அப்போது ஆறு வயது, எனக்கு ஒன்பது. பசியில் நீ என் விரலைச் சப்பிக்கொண்டு கிடந்தாய். அவள் போன அன்று அத்தை எல்லார் முன்னாலும் என்னைக் காட்டி, "புலி வருஷத்துல பொறந்தவ இருக்கிற வீட்டுல ஆடு எப்படித் தங்கும்? அதான் ஓடிட்டா"னு சொன்னாள். பன்னிரண்டு மிருக வருஷங்களில் அம்மா ஆட்டு வருஷக்காரி. அன்றிலிருந்து தெருவே அதைச் சொல்லிற்று. எனக்கு வந்த இரண்டு வரனும் "புலிப்பெண் வேண்டாம்" என்று திரும்பிப்போயின. பெற்ற தாயைத் துரத்தியவள் புருஷனை விட்டுவைப்பாளா?

நாற்பத்து நாலு வயதாகிறது. இன்றும் இந்த வீட்டில் ஒரு பாத்திரம் கீழே விழுந்தால், என்னால்தான் என்று தோன்றுகிறது. போய் உன் அம்மாவிடம் சொல், ஆடு புலியிடம் மருந்து கேட்கக்கூடாது என்று.

யூபிங்


ஹார்பின்,
1996 ஜனவரி 15

அக்கா,

உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். வேண்டுமென்றேதான்.

புலி என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"புலியா? யாரு, யூபிங்கா? எந்தச் சண்டாளி சொன்னது? அவ பொறந்தது புத்தாண்டுக்கு முந்தின நாள் காலையில. வசந்தத் தொடக்கம் அதுக்கு முந்தின ராத்திரியே வந்துடுச்சு. ஊர்க் கணக்குல வருஷம் புத்தாண்டுக்கு மாறும், ஜோசியக் கணக்குல வசந்தத் தொடக்கத்துக்கே மாறிடும், புலி போய் முயல் வந்துடும். அவ முயல்டா! முயலுக்கும் ஆட்டுக்கும் அப்படி ஒரு பொருத்தம். பெத்துப்போட்ட களைப்புலயும் அதை நெனச்சு நான் சிரிச்சேன்."

அப்புறம் போர்வையை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டாள். பிறகு, "நான் ஓடினது பசியில. வடக்கே சோறு இருக்கு, வான்னு ஒருத்தன் கூப்பிட்டான், ரயில் ஏறிட்டேன். திரும்பி வர தைரியம் இல்ல. என் மேல என்ன பழி வேணா போடட்டும். அந்தப் பிள்ளை மேலயா போட்டாங்க?" என்று சொல்லிச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

நெடிய இரவுக்குப் பிந்தைய மூன்றாம் ஒன்பது நாள் குளிர் இங்கே கொல்கிறது. முந்தாநாளிலிருந்து அவளுக்குக் காய்ச்சலும் இருமலும். போன வருஷம் எனக்கு அனுப்பியதில் ஒரு ஜாடி மீதி இருக்கிறது. அதையாவது கொடுக்கலாமா?

செங்ஹாய்


ஷாவ்ஷிங்,
1996 ஜனவரி 23

தம்பிக்கு,

முதலில் இதைப் படி. அந்த ஜாடியைத் தொடாதே! அது உன் உடம்புக்குக் காய்ச்சியது. காய்ச்சலில் லேகியம் கொடுப்பது திருடனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுவது. அவன் முதலில் வெளியே போகட்டும். வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியையும் இஞ்சியையும் கொதிக்கவைத்துச் சூடாகக் கொடு. மூச்சு வாங்கினால் எனக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடு.

கடைப் பரணிலிருந்து பழைய பஞ்சாங்கத்தை இறக்கினேன். 1951. வசந்தத் தொடக்கம் பிப்ரவரி 4 இரவு. நான் பிறந்தது 5 காலை. மூன்று முறை பார்த்துவிட்டேன், கடைக்காரரையும் பார்க்கச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "ஆமாம்மா, முயலேதான். இதுல என்ன அதிசயம்?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வருஷா வருஷம் அத்தனை பேரிடமும் "வசந்தத் தொடக்கத்தோட லேகியத்தை நிறுத்துங்க, காலம் மாறிடுச்சு" என்று சொல்கிறவள் நான். என் பிறப்புக்கு ஒரு தடவை அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை பார். அத்தை சொன்னாள், நான் நம்பினேன்.

ஆனால் ஒன்று. முயலானாலும் புலியானாலும் விட்டுவிட்டுப் போனது போனதுதான். என் கோபம் தீரவில்லை. அதைக் கடிதத்தில் மடித்து அனுப்ப எனக்கு இஷ்டமில்லை, நேரில் கேட்கவேண்டும்.

நாடி பார்க்காமல் நான் யாருக்கும் காய்ச்சுவதில்லை. அந்தக் கையை நான் பிடித்து முப்பத்தைந்து வருஷமாகிறது. அதனால் முப்பதாம் தேதி ரயிலுக்குச் சீட்டு வாங்கிவிட்டேன். மருந்துச் சரக்கும் செப்புச் சட்டியும் கூடவே வருகின்றன. இந்த வருஷம் லேகியக் காலம் தப்பிவிட்டது என்று அவள் சொல்வாள். வசந்தத் தொடக்கத்துக்குப் பிறகும் அந்த ஊரில் பனிதானே, அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். என் பிறந்த நாளன்று, ஐந்தாம் தேதி, அங்கேதான் இருப்பேன்.

நான் வருவதற்குள் அவள் கையைப் போர்வைக்குள்ளேயே வைத்திருக்கச் சொல். சில்லிட்ட கையில் நாடி சரியாகக் கிடைக்காது.

அக்கா,
யூபிங்