ஆரஞ்சுக் கோடும் சிவப்புக் கோடும்

செங்கல்பட்டு
9.10.2007

அன்புள்ள செங்கமலம்,

நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். மூக்குக்கண்ணாடி கிழவனுக்குத்தான் என்று வீம்பாக விட்டு வந்தேனே, அதை உடனே அனுப்பு.

இங்கே கம்பெனியில் செய்யும் எலக்ட்ரானிக் போர்டில் ஒரு பக்கம் மூன்று சொச்சம் வோல்ட், மறுபக்கம் ஐந்து. நடுவில் ஒரு சிப் இரண்டு பக்கத்துச் சேதியையும் மாற்றிக் கொடுக்கும். வருகிற வோல்டேஜ் இரண்டேகாலைத் தாண்டினால்தான் அது 'ஆமாம்' என்று எடுத்துக்கொள்ளும். நாற்பது போர்டுகளில் வோல்டேஜ் ஒன்றேமுக்காலிலேயே நின்றுவிட்டது. சிப் ஒரு நேரம் ஆமாம் என்றது, ஒரு நேரம் இல்லை என்றது.

பக்கத்தில் உட்கார்ந்து போர்டில் ஈயம் பற்றவைக்கும் படாளத்து ஜெஸ்ஸியை, "உன் கைக்குப் பூரிக்கட்டைதான் லாயக்கு" என்று எல்லாரும் சிரிக்கக் கேலி செய்தேன். சூப்பர்வைசர் சார் அதை நிஜமென்று நம்பி அவளை வேலையிலிருந்து நிற்கச் சொல்லிவிட்டார்.

"நான் இன்னா பண்ணேன் அண்ணாத்த? நீ எட்த்துக் குட்த்ததைத்தானே வச்சேன்" என்று அழுதபடி பையை எடுத்தாள்.

என் டப்பாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டரில், ஆரஞ்சுக் கோடு போட்டதற்குப் பதில் சிவப்புக் கோடு போட்டதைக் கொடுத்திருக்கிறேன். தப்பு என்னுடையது என்று சாரிடம் முணுமுணுத்தேன். அவருக்குக் கேட்கவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னேன். ஜெஸ்ஸி பையைக் கீழே வைத்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.

கண்ணாடியோடு நார்த்தங்காய் ஊறுகாயும் வை. தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. தபால் பை கட்டும் நேரமாகிறது.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. நாற்பது போர்டிலும் ரெசிஸ்டரை மாற்றச் சொல்லி சார் தன் கண்ணாடியைக் கொடுத்தார். அதை நாற்காலியில் வைத்துவிட்டு ஜெஸ்ஸியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "மொதல்ல போய்க் கண்ணாடிய மாட்டு அண்ணாத்த" என்றாள். திரும்பி வந்து உட்கார்ந்தேன். அடியில் நறுக்கென்றது. கண்ணாடி வைத்த இடத்திலேயே இருந்தது.

உன்
செல்லையா