இரண்டும் இடது கை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். நலத்தில் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். போனில் பேசினால் நீ அழுவாய், எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன்.

ஈரலில் கட்டி திரும்ப வந்திருப்பது தெரிந்த அன்று, அம்மாவிடம் மூச்சுவிடாமல் தையல் கடைக்குப் போய்க் கத்தரியை எடுத்தேன். துணியைத் திருப்பிப் போட மறந்து, ஒரு சட்டையின் இரண்டு கைகளையும் இடது கையாகவே வெட்டிவிட்டேன். கை வைத்துத் தைக்க உட்கார்ந்த அம்மா இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தாள். "டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டாள். இத்தனை வருஷம் என்னோடு குப்பை கொட்டியவளிடம் எதை மறைப்பது?

அவள் உன்னிடம் சொன்னதும், நீ அங்கே ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, உன் ஈரலில் பாதியை எனக்குத் தருவதாகச் சொன்னதும் தெரியும். அதைக் கேட்டு எனக்கு வந்தது கோபமா பெருமையா என்று இன்னும் தெரியவில்லை. பால்குடி மறக்காத பிள்ளையை வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது?

டாக்டரம்மாவிடம் நிதானமாகக் கேட்டேன். ஊசி விட்டுச் சூட்டால் கட்டியைக் கருக்கலாமாம். ஆனால் பெரிய ரத்தக்குழாயை ஒட்டி இருப்பதால் சூடு முழுசாகப் பிடிக்காது. ஈரலையே மாற்றுவது இன்னொரு வழி. இல்லையென்றால் மறுபடி வெட்டுவது. கட்டி ஒன்றுதான், போன தடவை வெட்டியது போக மிச்ச ஈரல் நன்றாக வளர்ந்திருக்கிறது, அதனால் வெட்டிவிடலாம் என்கிறார். பழைய தழும்பு உள்ளே ஒட்டிக்கிடக்குமாம், பிரிக்க நேரமாகும். பிரித்துத் தைப்பது புதிதாகத் தைப்பதைவிடக் கஷ்டம் என்று எனக்குத் தெரியாதா? சரி என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் ஆபரேஷன்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். மறுபடியும் வந்தால் மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்குமாம். "உங்க பொண்ணுகிட்ட இப்பவே வேண்டாம்னு முடிவா சொல்லிடாதீங்க" என்றார். நான் ஆபரேஷன் தேதியை மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தச் சட்டைக்கு மிச்சத் துணியில் வலது கை வெட்டிக் கொடுத்துவிட்டேன். எஞ்சிய இடது கைத் துணியில் பேரனுக்கு ஒரு குல்லா தைத்திருக்கிறேன். தலை அளவு தெரியாமல் தைத்தது. பெரிதாக இருந்தால் திட்டாதே.

அவனைத் தூக்கிக்கொண்டு வா, கண்ணு. நான் கண் விழிக்கும்போது நீ பக்கத்தில் இருந்தால் போதும். எனக்கென்று எதுவும் கொண்டு வராதே. வெறுங்கையோடு வா.

உன்னை முழுசாகப் பார்க்க ஆசைப்படும்
அப்பா