ஆணியில் தொங்கும் டோக்கன்

ஜெசிந்தா,

ஜீப்பில் பவர் ஸ்டியரிங் இன்னும் சரியாகவில்லை. ஆனாலும் எடுத்துப் போகிறேன். இன்று சர்வே ஆட்களைச் தங்கம் பிரித்த பிறகு கொட்டிய சயனைட் மண்மேட்டில் ஏற்றாவிட்டால் வேறு டிரைவரை வைத்துக்கொள்வார்கள். சுரங்கம் மூடிய பிறகு கிடைத்த ஒரே வேலை இது.

"சோத்துத் தட்டையே தூக்க முடியாத கையில ஸ்டியரிங்க இன்னாத்த திருப்பப் போறீங்க?" என்று நேற்று கேட்டாய். கத்திவிட்டேன். பாறை விழுந்த தோள்தான், நீ கேட்டது நியாயம்.

குழம்பைச் சூடு பண்ணி வைத்திருக்கிறேன், சாப்பிடு.

சுரங்க ஷாஃப்டில் இறங்குமுன் ஆள் கணக்குக்காகப் பலகையில் மாட்டுவதுபோல, என் பழைய டோக்கனைக் கதவு ஆணியில் மாட்டியிருக்கிறேன். திரும்பி வந்ததும் நானே எடுப்பேன்.

பி.கு. சாயங்காலம் ஆறு மணிக்கும் அது அங்கேயே தொங்கினால், மேட்டின் கிழக்குச் சரிவில் தேடச் சொல்லி ஆட்களை அனுப்பு. நீ வராதே.

— அருளப்பன்